முகம் வேண்டாத பெட்டி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஃப்ளெக்ஸ் கடையில் முகம் இல்லாமல் எதுவும் அச்சாகாது. காதுகுத்துக்கு முகம், கண்ணீர் அஞ்சலிக்கு முகம், கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் நண்பர்கள் அத்தனை பேருடைய முகமும். போர்வெல் லாரிக்காரர் வந்து தன் தொழிலுக்கு ஒரு போர்டு கேட்பார். குழாயும் பீறிட்டு அடிக்கும் தண்ணீரும் மட்டும் போட்டுக் காட்டினால், "என்னமோ மொட்டையா இருக்கே" என்று இழுப்பார். ஓரமாகப் பல் முளைக்காத குழந்தை ஒன்றைச் சிரிக்கவிட்டால்தான் அவருக்கு மனசு ஆறும்.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போட்டோக்களிலிருந்து தலைகளை வெட்டி எடுப்பது வெற்றிச்செல்வியின் வேலை. வேட்டி கட்டிய உடம்பு, கோட்டு போட்ட உடம்பு எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கும். வெட்டிய தலையைக் கொண்டுபோய் அதன்மேல் உட்கார வைத்து, கழுத்து நிறம் ஒத்துப்போகிற மாதிரி தேய்த்துவிட வேண்டும். பதினொன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண். எறையூரிலிருந்து பஸ் ஏறி வருவாள்; பேசாமல் வேலை பார்ப்பாள்; பேசாமல் திரும்பிப் போவாள். கடைக்கு வருகிறவர்கள் பக்கத்து நாற்காலி சுதர்சனிடம்தான் பேசுவார்கள். இவளைப் பார்த்தாலும் கம்ப்யூட்டரின் ஒரு பாகத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

லப்பைக்குடிக்காட்டு நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் பழனிவேல் சார் ஒருநாள் பேனர் அடிக்க வந்தார். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் பாத்திரம் உருவாக்கச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சுதர்சனிடம் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம எனக்கு மேட்ச் இருக்கு சார். இந்தப் புள்ளயக் கூட்டிட்டுப் போங்க. வாயத் தொறக்காது, ஆனா கை நல்லா வரையும்."

வெற்றிக்குச் சரி என்றும் சொல்ல வரவில்லை, முடியாது என்றும் சொல்ல வரவில்லை. பழனிவேல் சார் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு கண்டிசன்தாம்மா. காப்பியடிச்சது கூடாது. இதுவரைக்கும் எங்கயும் இல்லாத ஆளா இருக்கணும். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு பக்கம். லீவு முடியிறப்ப புக்கா அடிச்சு, பெத்தவங்களக் கூப்புட்டுக் குடுத்துருவோம்."

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் நூலகப் படியேறும்போதே ஒரு பெண் வழிமறித்தாள். கழுத்தில் தையல் டேப் மாலை போலத் தொங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பத்து வயதுச் சிறுமி.

"நீங்கதான் படம் சொல்லிக் குடுக்குறவங்களா? நான் ஆயிஷா பீவி. வூட்ல தச்சுக்கிட்டிருந்தேன், அப்படியே வந்துட்டேன். இது எம்மவ இன்ஷா. பூ, கொடி, மருதாணி டிசைன் எல்லாம் நல்லா வரைவா. ஆனா எங்க வூட்ல உசிரு உள்ளத வரையிறதில்ல. முக்கியமா மூஞ்சி, கண்ணு வேணாம். அத மட்டும் பாத்துக்கங்கம்மா."

வெற்றி தலையாட்டினாள். உள்ளே போய்ப் பாய்மேல் உட்கார்ந்த பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது. பாத்திரம் உருவாக்கும் வகுப்பு. அதில் முகம் கூடாது. சோறு இல்லாமல் பந்தி போடுகிறேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

வகுப்புக்கு வந்திருந்த முகமது அனஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "எங்க வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. நான் கண்ணு வரைவேன். நாலு கண்ணு கேட்டாலும் வரைவேன்."

"அவங்கவங்க வூடு அவங்கவங்களுக்கு," என்றாள் இன்ஷா, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு வெற்றியிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, எம்பக்கமும் புக்குல வருமுல்ல? அத்தாகிட்ட சொல்லிட்டேன். ஷார்ஜாலேர்ந்து போன்ல பாக்குறேன்னாங்க. அவங்க ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சு."

"வரும்," என்றாள் வெற்றி. எப்படி வரும் என்று அவளுக்கே தெரியாது.

அன்று எல்லாப் பிள்ளைகளும் துணியைத் தோளில் பறக்கவிட்ட ஆட்களையே வரைந்தார்கள். அத்தனையும் டிவியில் பார்த்தது. எறையூர் பக்கத்திலிருந்து வருகிற ஜோதி மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "ஜட்டிய வெளிய போட்டாத்தான் ஹீரோவாக்கா? அப்ப எந்தம்பி தெனமும் ஹீரோதான்." எல்லாரும் சிரித்தார்கள். இன்ஷா தாளின் நான்கு ஓரத்திலும் அழகாகக் கொடி ஓட்டியிருந்தாள். நடுவில் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் வெற்றிக்கு அந்த வெள்ளை இடம்தான் கண்ணில் நின்றது. முகம் இல்லாமல் ஒரு ஆள் ஆளாக இருக்க முடியுமா? இருந்தால் அது இன்னார் என்று எப்படித் தெரியும்?

மறுநாள் கடையில் வழக்கம்போலத் தலைகளை வெட்டினாள். வெட்டி முடித்த பிறகு மிச்சம் கிடக்கிற போட்டோவை இத்தனை நாள் அவள் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தாள். ஒரு காதுகுத்துக் குடும்பம், வரிசையாக, தலை இல்லாமல். தட்டைத் தூக்கிப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பது தாய்மாமன். அதில் சந்தேகமே இல்லை. புடவை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றிக் கசக்கி வைத்திருக்கிறதே, அது பிள்ளையின் அம்மா. ஓரத்தில் ஒருத்தன் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றான்.

"என்னா, முண்டத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க? பயமா இல்ல?" என்றான் சுதர்சன்.

"இது யாருன்னு சொல்லுங்கண்ணே."

அவன் எட்டிப் பார்த்தான். "சித்தப்பனா இருப்பான். போட்டோவுக்கு வாடான்னா வருவான், ஆனா பாதி ஒடம்பு வெளியில நிக்கும். ஒவ்வொரு குடும்பத்துலயும் இப்படி ஒருத்தன் உண்டு."

தலையைத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். சித்தப்பன்தான். ஃப்ளெக்ஸுக்காகக் கொடுத்த பெயர்ப் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. வெற்றி சத்தம் போட்டுச் சிரித்ததை அந்தக் கடையில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலக மேசை விரிப்பை உருவி எடுத்தாள். ஒரு பிள்ளை அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடக்க வேண்டும். மற்றவர்கள் திரும்பி உட்கார்ந்திருந்து, சொன்னதும் திரும்பிப் பார்த்து, யார் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டு பத்து முறை ஆடினார்கள். இன்ஷா ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"அனஸு. ரெண்டு எட்டு வெச்சா மூணாவது எட்டுல குதிப்பான்."

"இது ஜோதி. கால் வெரல மடக்கி வெச்சிருக்கா பாரு, சிரிப்ப அடக்குறா."

கடைசியில் பழனிவேல் சாரே ஆசைப்பட்டுப் போர்த்திக்கொண்டு வந்தார். அவர் இரண்டு அடி வைப்பதற்குள் இன்ஷா சொன்னாள்: "சார். சாவி இல்லாட்டியும் கை சாவிய ஆட்டிக்கிட்டே வருது."

"எப்படிடி கண்டுபுடிக்கிற?" என்று அனஸ் எரிச்சலாகக் கேட்டான்.

"அம்மாகிட்ட துணி தைக்கக் குடுக்க வருவாங்கல்ல. செருப்பக் கழட்டுற சத்தத்துலயே சொல்லிருவேன். இன்னாரு வந்திருக்காங்க, பிளவுஸு இறுக்கமா இருக்குன்னு சண்டைக்கு வந்திருக்காங்கன்னு வரைக்கும் சொல்லுவேன்."

அன்றுதான் வெற்றி நீளமாகப் பேசினாள். பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினாள். "அப்ப மூஞ்சியக் கடைசிக்கு வெச்சுக்குவோம். மொதல்ல அது எப்படி நிக்கும்? எதப் பாத்தா பயப்படும்? அதுக்கு என்ன வேணும்? அது கெடைக்கலன்னா என்ன பண்ணும்? இத யோசிங்க. சுத்தி இருக்கிறதுலேர்ந்து யோசிங்க. டிவியில இருக்கிறவங்கள விட்டுருங்க, அவங்களுக்கு வேற வேல இருக்கு."

அதற்கப்புறம் நூலகத்துப் பாய்களில் விசித்திரமான ஆட்கள் எழுந்து வர ஆரம்பித்தார்கள். அனஸின் ஆள் பெயர் 'ஸ்பீடு பிரேக்கர்'. பயங்கரச் சோம்பேறி. ரோட்டின் குறுக்கே படுத்துத் தூங்குவதைத் தவிர வேறெதுவும் செய்ய மாட்டான். ஆனால் திருடன், போலீஸ், மந்திரி யார் வந்தாலும் அவனிடம் வண்டியை மெதுவாக்கித்தான் ஆகவேண்டும். ஜோதியின் ஆள் ஒரு சின்ன வெங்காயம், பெயர் 'அழுகாச்சி'. யாரையும் அடிக்க மாட்டாள். அவளை அடிக்கிறவர்கள்தான் அழுவார்கள். வேல்முருகனின் அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். சுரங்கத்தில் கிடந்தது என்று அவர் கொண்டுவந்து கொடுத்த நத்தைச் சுருள் போன்ற ஒரு கல்லைப் பையன் பையிலேயே வைத்திருந்தான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் அங்கே கடல் இருந்தது என்று அவர் சொல்லியிருந்தார். அவன் வரைந்த கல் தூக்கத்திலிருந்து எழுந்து, பார்க்கிறவர்களை எல்லாம் பிடித்து ஒரே கேள்வி கேட்டது: "கடல் எங்கடா போச்சு?"

இன்ஷாவின் தாளில் இன்னும் கொடி மட்டும்தான்.

"அக்கா," என்றாள் அவள், எல்லாரும் போன பிறகு. "உசிரு இல்லாதது நடக்கலாமா?"

வெற்றிக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. "எனக்குத் தெரியல இன்ஷா. அம்மாகிட்ட கேட்டுட்டு வா."

அடுத்த வாரம் அவள் கதவைத் தாண்டும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். "கேட்டேன்க்கா! நடக்கட்டும்னாங்க. பஸ்ஸு போவுது, தையல் மெஷின் ஓடுது, அதுக்கெல்லாம் உசிரா இருக்குன்னாங்க. ஆனா மூஞ்சி வெச்சேன்னு வெச்சுக்க, பென்சில ஒடச்சுருவேன்னாங்க."

சொல்லிக்கொண்டே தாளை விரித்தாள். ஒரு அட்டைப்பெட்டி. முந்தின நாள் அனஸ் வீட்டுக்கு வளைகுடாவிலிருந்து கப்பலில் சரக்காக ஒரு பெட்டி வந்திருந்ததாம். தெருப்பிள்ளைகள் எல்லாம் போய்ச் சுற்றி நின்று பார்த்தார்களாம். மஞ்சள் கயிறு இரண்டு சுற்று, பழுப்பு டேப் நாலு சுற்று, பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் பட்டை பட்டையாகப் பெயரும் ஊரும். இன்ஷாவின் பெட்டிக்குக் கீழே இரண்டு குட்டைக் கால்கள். அதுவும் மடித்த அட்டைதான்.

"கோவம் வந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் வெற்றி.

"கயிறு இறுகிரும்."

"சந்தோசம்னா?"

"மேல நாலு மூடி இருக்குல்ல, அது நாலும் படபடன்னு அடிக்கும். காக்கா ரெக்க மாதிரி."

"அழுதா?"

இன்ஷா யோசித்தாள். "அது அழுவாதுக்கா. மழைக்குத்தான் பயப்படும். மழ பேஞ்சா அட்ரஸு கரைஞ்சிரும். அட்ரஸு கரைஞ்சா எந்த வூட்டுக்குப் போறதுன்னு அதுக்குத் தெரியாது. மூடியெல்லாம் தொங்கிப்போயி, கயிறு தளந்துபோயி, நடுரோட்டுல நிக்கும். எல்லாரும் ஓடி வந்து எங்களுது, எங்களுதுன்னு இழுப்பாங்க. அனஸு வூட்டுக்காரங்கதான் மொதல்ல இழுப்பாங்க."

"ஏய்!" என்றான் அனஸ்.

"அதுக்கு அது சொல்லும், உள்ள என்ன இருக்குன்னு சொல்லு, தொறக்குறேன்னு. பால் பவுடர்ம்பாங்க, கம்பளிம்பாங்க, செண்டு பாட்டில்ம்பாங்க. எதுவும் இல்ல."

"அப்ப உள்ள என்னதான் இருக்கு?"

"அது எனக்கே தெரியலக்கா," என்றாள் இன்ஷா. தெரியாமல் இருப்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மழையில் நிற்கும் பெட்டியையே அவள் தன் பக்கத்துக்கு வரைந்தாள். முன்புறத்தை வெறும் பழுப்பாக விட்டாள். அந்த வெறுமைதான் படத்தில் எல்லாம் என்று வெற்றிக்குத் தோன்றியது. தொங்கும் மூடியையும் தளர்ந்த கயிற்றையும் பார்த்தவர்கள் அந்த வெறும் அட்டையில் தாங்களாகவே ஒரு துக்கத்தைப் பார்ப்பார்கள். கீழே கதையைத் தன் கையெழுத்திலேயே எழுதினாள் இன்ஷா. அதற்கடுத்த பக்கம் வேல்முருகனுடையது.

புத்தகம் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், அரியலூரில் ஒரு கல்யாண மேடைக்குப் பின்திரை கட்டிக் கொடுக்க வெற்றியை அனுப்பிவிட்டார்கள். பக்கங்களை ஸ்கேன் செய்து அச்சடித்து ஸ்டேப்ளர் பின் போட்டு வைக்கும் பொறுப்பைச் சுதர்சன் ஏற்றுக்கொண்டான். மறுநாள் காலையில் அவள் கடைக்குப் போனதும் புத்தகக் கட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தான்.

"பாரு, எப்படி வந்திருக்குன்னு."

தாளில் ஒரு பக்கம் மட்டும் அடித்து, ஓரத்தில் பின் அடித்த புத்தகங்கள். ஸ்பீடு பிரேக்கர் படுத்திருந்தான். அழுகாச்சி இடுப்பில் கைவைத்து நின்றாள். அடுத்த பக்கத்தைப் புரட்டிய வெற்றி தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். மழையில் நனைந்து, மூடி தொங்கி, அட்ரஸ் கரைந்து நின்ற பெட்டியின் முன்புறத்தில் இரண்டு உருண்டைக் கண்கள். கீழே எல்லாப் பல்லும் தெரிய ஒரு சிரிப்பு.

"இது... யாருண்ணே வெச்சது?"

"நாந்தான். பொட்டி மட்டும் சும்மா நின்னுச்சு. பாவம், சின்னப் புள்ள மூஞ்சி போட மறந்துருச்சுபோலன்னு பாத்தேன். நம்மகிட்ட கண்ணு மட்டும் ஒரு ஃபோல்டர் நெறையக் கெடக்குல்ல? உசிரு குடுத்துட்டேன்!"

அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. ஆயிஷா பீவி சொன்னதை வெற்றி அவனிடம் சொல்லவே இல்லை. இந்தக் கடையில் நாமாகப் போய் என்ன பேசுவது என்று விட்டிருந்தாள்.

"இத எடுத்துட்டு மறுபடி அடிச்சுத் தாங்கண்ணே."

"இன்னிக்கா? நானே மேட்ச்சுக்குக்கூடப் போகாம ஒக்காந்திருக்கேன். மெஷின்ல கல்யாண பேனரு ஓடிக்கிட்டிருக்கு, சாயந்தரம் வரைக்கும் நிக்காது. ஏன், நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இல்லண்ணே!" என்றாள். அவ்வளவு சத்தமாகச் சொல்வாள் என்று அவனும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். சுதர்சன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அடப் பாவமே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பிரதியை எடுத்துக் கண்கள்மேல் கறுப்பு மார்க்கரால் பட்டை அடித்துப் பார்த்தாள். பேப்பரில் வருகிற குற்றவாளி மாதிரி ஆகிவிட்டது பெட்டி. பல் வேறு இளித்தது. அந்தப் பக்கத்தை மட்டும் எல்லாவற்றிலிருந்தும் கிழித்துவிடலாம். கிழித்தால் இன்ஷாவுக்குப் பக்கம் இல்லை. கிழிக்காமல் கொடுத்தால், நான்கு மணிக்கு எல்லார் முன்னாலும் ஆயிஷா பீவி அதைப் புரட்டுவாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் கட்டை நூலகத்தில் வைத்துவிட்டு எறையூருக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

லப்பைக்குடிக்காட்டில் இறங்கியதும் அவள் நூலகத்துக்குப் போகவில்லை. இன்ஷா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"புக்கு வந்துருச்சும்மா!" இன்ஷாதான் கதவைத் திறந்தாள். வெற்றி வாய் திறப்பதற்குள் ஒன்றைப் பிடுங்கிப் புரட்டினாள். புரட்டிய கை நின்றது.

"இது என்னுது இல்ல," என்றாள்.

"கீழ ஒம்பேரு இல்லயா?" உள்ளே தையல் மெஷினிலிருந்து குரல் வந்தது.

"பேரு என்னுது. பொட்டி என்னுது இல்ல."

மெஷின் நின்றது. ஆயிஷா பீவி வந்து மகளின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "இதுக்குக் கண்ண வெச்சது யாரு? இவளா?"

"இல்லக்கா. கடையில தெரியாம வெச்சுட்டாங்க. நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல." வெற்றியின் கண்கள் தரையில் இருந்தன. "கிழிச்சிரட்டுமாக்கா?"

ஆயிஷா பீவி ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இன்ஷா வெடித்தாள்.

"அம்மா, அதுக்கு வூடு தெரியல! மழையில நனைஞ்சு பயந்துபோயி நிக்கிது. அது போயி இப்படிப் பல்லக் காட்டுமா? அத்தா பாத்தா லூசுப் பொட்டின்னு நெனைக்க மாட்டாங்களா?"

ஆயிஷா பீவி தாளைக் கையில் வாங்கினாள். இத்தனை வாரமாகக் கண் வைக்காதே, மூக்கு வைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தாளே தவிர, மகள் என்ன வரைகிறாள் என்று அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். தொங்கிய மூடிகளைப் பார்த்தாள். பக்கவாட்டில் கரைந்து ஓடும் கறுப்பு எழுத்துகளில் அவள் விரல் நின்றது.

"இந்த 'கா'வ இப்படி வளச்சு எழுதுறது ஒங்க அத்தால்ல?"

"ம். அத்தா நமக்கு முன்னாடி அனுப்புன பொட்டியப் பாத்துத்தான் எழுதிக்கிட்டேன்."

"கிழிக்கிறதுக்கா இந்தப் புள்ள ஒரு மாசமா குனிஞ்சு ஒக்காந்து வரைஞ்சா?" என்றாள் ஆயிஷா பீவி வெற்றியைப் பார்த்து. கேள்வி கோபமா இல்லையா என்று வெற்றிக்குப் புரியவில்லை. "இந்த மூஞ்சி மட்டும் போனாப் போதும்ல?"

மெஷின் மேலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். பக்கத்தை அந்தச் சிரிப்பின் நடுவே லேசாக மடித்தாள். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுகிற மாதிரி மூன்று வெட்டு. விரித்தபோது பெட்டியின் முன்புறத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. கண்ணும் பல்லும் கீழே துணித் துண்டுகளுக்கு நடுவில் விழுந்து கூரையைப் பார்த்து இளித்தன.

"பிளவுஸுக்கு முதுகுல சன்னல் வெக்கச் சொல்றாளுவ, வெக்கிறேன். பொட்டிக்கு வயித்துல வெச்சா என்ன?"

வெற்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஷா சிரிக்கவில்லை. அவள் அந்த ஓட்டைக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டை வழியாக அடுத்த பக்கம் தெரிந்தது. வேல்முருகனின் சுருள் கல், பெட்டிக்குள்ளே யாரோ பத்திரமாக வைத்தது போல.

"அம்மா! உள்ள கல்லு இருக்கு!"

பக்கத்தைப் புரட்டினாள். கல் கேட்டது: கடல் எங்கடா போச்சு? திரும்பப் புரட்டினாள். பெட்டி நின்றது. மறுபடி புரட்டினாள்.

"அக்கா, இது கப்பல்ல வந்த பொட்டி! கடல் மேலதான வந்துச்சு! கல்லுக்குப் பதில் தெரியும்க்கா இதுக்கு!" ஓடிப்போய்ப் பென்சிலை எடுத்து வந்து, தன் கதைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'அழாதே கல்லு. நான் அதன்மேல்தான் வந்தேன்.'

இப்படி ஒரு புத்தகத்தை வெற்றி பார்த்ததே இல்லை. முகங்களை வெட்டி எடுத்து எங்கெங்கோ ஒட்டியே பழகிய கை அவளுடையது. வெட்டி எடுத்த இடத்தில் ஒன்றையும் ஒட்டாமல் விட்டால் அதற்குள் இன்னொரு கதை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த ஓட்டையில் விரலை விட்டு விட்டுப் பார்த்தாள்.

நேரம் இல்லை. மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஆயிஷா பீவி மடித்து வெட்ட, வெற்றி பிசிறு எடுக்க, இன்ஷா ஒவ்வொன்றிலும் அந்த வரியை எழுதினாள். புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்க வந்த அனஸ் கதவிலேயே நின்றான்.

"என்னா மாமி, எல்லாப் புக்கையும் கத்தரிக்கிறீங்க?"

"ஒம்பக்கத்துலயும் ஒரு ஓட்ட போடவா?"

"வேணாம் மாமி, எங்காளு தூங்குறான்." சொல்லிவிட்டு உட்கார்ந்து, விழுந்து கிடந்த பல்லிளிப்புகளைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட ஆரம்பித்தான். "உன் பொட்டிக்குள்ள கல்லா? பால் பவுடர் இல்லயா?" என்று ஒருமுறை கேட்டதற்கு இன்ஷாவிடம் பென்சிலால் குத்து வாங்கினான்.

பாதிக் கட்டு மீதி இருக்கும்போது போன் அடித்தது. இன்ஷாவின் அப்பா ஷஃபியுல்லா. இன்ஷா பாய்ந்து எடுத்தாள். திரையில் பின்னால் இரட்டைக் கட்டில்களும் கொடியில் காயும் சட்டைகளும். வேலை முடிந்து வந்த களைப்போடு ஒரு முகம்.

"என்னா பாப்பா, புக்கு வந்துருச்சா? எங்க, காட்டு ஒம்பக்கத்த."

இன்ஷா அம்மாவைப் பார்த்தாள். ஆயிஷா பீவி கத்தரிக்கோலை நிறுத்தி, காட்டு என்று தாடையை அசைத்தாள்.

போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து நிறுத்திவிட்டு, மற்றப் பக்கங்களை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் தாளை மட்டும் இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள் இன்ஷா. போனில் இப்போது பெட்டி மட்டும்தான் தெரிந்திருக்கும். மழை, தொங்கும் மூடி, கரையும் எழுத்து.

"இது என் எழுத்துல்ல?" என்றார் ஷஃபியுல்லா மெதுவாக. பிறகு, "ஏய்! பொட்டி பாக்குதுடி! கண்ணு சிமிட்டுது!"

சதுர ஓட்டையில் இன்ஷாவின் கண் வந்து நின்றிருந்தது. அது இடதுபக்கம் உருண்டது, வலதுபக்கம் உருண்டது, மறுபடி சிமிட்டியது. அனஸ் தரையில் புரண்டான். மழையில் நின்ற பெட்டி இப்போது வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அதே மூடி, அதே கயிறு, ஒரு கோடுகூடக் கூடவில்லை. வெற்றி சுவரோரம் உட்கார்ந்தபடி அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"எல்லாம் நீயே பண்ணதா பாப்பா?"

பெட்டி கொஞ்சம் யோசித்தது.

"பொட்டி நான் வரைஞ்சது அத்தா. சன்னல் அம்மா வெட்டுனது." கண் ஒருமுறை மூடித் திறந்தது. "கண்ணு அல்லா குடுத்தது."

அந்தப் பக்கம் ஷஃபியுல்லா அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிடுவது கேட்டது: இங்க வாங்கப்பா, எம்மவ என்னா பண்ணியிருக்கா பாருங்க. ஆயிஷா பீவி முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அடுத்த புத்தகத்தை எடுத்து, மழையில் இளித்துக்கொண்டிருந்த முகத்தை நடுவாக மடித்து, கத்தரிக்கோலை வைத்தாள்.